வைஃபை இணைந்துவிட்டது, நெட் மட்டும் வரவில்லை: உள்நுழைவுப் பக்கத்தை வரவைக்கும் வழிகள்

ரயில் நிலையம், லாட்ஜ், மருத்துவமனை, கல்லூரி விடுதி என எங்கே பொது வைஃபை இருந்தாலும், முதல்முறை பயன்படுத்துகிறவர்கள் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பெயரைத் தொட்டதும் 'இணைக்கப்பட்டது' என்று வருகிறது. கூடவே 'இணையம் இல்லை' என்றும் வருகிறது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, ஆனாலும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்திகூட நகரவில்லை. இந்த வைஃபை வேலை செய்யாது என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பெரும்பாலான நேரம் அது நன்றாகத்தான் இருக்கும். உங்கள் கைபேசி எண்ணைக் கேட்கும் பக்கம் ஒன்று திறக்க வேண்டும். ஏதோ ஒரு காரணத்தால் அது உங்கள் திரைக்கு வந்துசேரவில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதைத் தெரிந்துவைத்திருப்பது பலருக்கு உடனே பயன்படும். கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கிற மாணவர்கள், ஓசூர் சிப்காட்டில் வேலைக்குப் புதிதாக வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருக்கிறவர்கள், ஒகேனக்கல் பக்கம் மொபைல் டேட்டா ஊர்ந்துகொண்டிருக்கும்போது விடுதி வைஃபையை நம்புகிறவர்கள் என்று பட்டியல் நீளும். இந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர்களில் ஓடிபி தாமதமாவது அது. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

பக்கம் எப்படி வருகிறது

இதைப் புரிந்துகொள்ள இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். கீழே வரும் தீர்வுகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

வைஃபையில் சேர்ந்தவுடன் உங்கள் போன் யாரும் சொல்லாமலே ஒரு சோதனை செய்கிறது. ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு சர்வரிடம் மிகச் சிறிய பக்கம் ஒன்றைக் கேட்கும். அதற்குச் சரியான பதில், உள்ளடக்கம் எதுவும் இல்லாத '204' என்ற குறியீடு. ஐபோன் ஆப்பிளின் சர்வரிடம் கேட்கும். 'சக்சஸ்' என்ற சொல் திரும்பி வர வேண்டும். விண்டோஸ் லேப்டாப் ஓர் எழுத்துக் கோப்பைக் கேட்கும், அதில் 'மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்' என்று இருக்க வேண்டும். எதிர்பார்த்த பதில் வந்தால் இணையம் இருக்கிறது என்று போன் முடிவுக்கு வருகிறது.

நீங்கள் இன்னும் உள்நுழையாத பொது வைஃபையில் அந்தக் கேள்வி கூகுள் வரை போகாது. நடுவில் இருக்கும் கேட்வே என்ற கருவி, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் தடுப்பு இறங்குவதுபோல், அதை நிறுத்திவிடுகிறது. நிறுத்துவதோடு, 'அங்கே போகாதே, இந்தப் பக்கத்துக்கு வா' என்று தன் உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியைப் பதிலாகக் கொடுக்கிறது. தான் கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்றதும் போனுக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. 'வைஃபை நெட்வொர்க்கில் உள்நுழைக' என்ற அறிவிப்பு திரையின் மேலே வருவது அப்போதுதான்.

கேட்வே இப்படி இடைமறித்துப் பதில் சொல்ல வேண்டுமானால், கேள்வி பூட்டில்லாத எச்டிடிபி வழியில் போயிருக்க வேண்டும். இன்றைய இணையத்தளங்கள் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய வழியில் இயங்குகின்றன. அதில் பதில் சொல்கிற சர்வர், தான் யார் என்பதற்குச் சான்றிதழ் காட்டியாக வேண்டும். கூகுளின் பெயரிலோ வங்கியின் பெயரிலோ கேட்வேயால் சான்றிதழ் காட்ட முடியாது. அதனால்தான் பக்கம் வரட்டும் என்று யூடியூபையோ ஃபேஸ்புக்கையோ எத்தனை முறை திறந்தாலும் வராது. ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்ற எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகாதீர்கள். அது சரியாகத்தான் எச்சரிக்கிறது.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. பூட்டில்லாத ஒரு கேள்வி உங்கள் போனிலிருந்து வைஃபை வழியாகவே வெளியே போக வேண்டும். அதைத் தடுக்கிறவற்றை ஒவ்வொன்றாக விலக்கினால் பக்கம் வந்துவிடும்.

எண்ணை ஏன் கேட்கிறார்கள் என்ற சந்தேகமும் இயல்பானது. பொது வைஃபையைப் பயன்படுத்துகிறவர் யார் என்பது பதிவாக வேண்டும் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2009ஆம் ஆண்டே அறிவுறுத்தியது. அடையாள அட்டை பார்த்துக் கணக்குக் கொடுக்கலாம், அல்லது எஸ்எம்எஸ் வழியாகக் கடவுச்சொல் அனுப்பலாம். இரண்டாவது வழி எளிது என்பதால் எங்கும் அதுவே நிலைத்துவிட்டது.

செய்யவேண்டிய வரிசை

1. மொபைல் டேட்டாவை அணையுங்கள். ஏரோபிளேன் மோடு போடக் கூடாது. அது சிம்மையே நிறுத்திவிடும், ஓடிபி வராது. டேட்டாவை மட்டும் அணைத்தால் எஸ்எம்எஸ் வழக்கம்போல் வரும்.

2. விபிஎன் செயலி (உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்புவது) ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள்.

3. அங்குள்ள பலகையில் எழுதியிருக்கும் பெயரையோ, வரவேற்பில் இருப்பவர் சொல்லும் பெயரையோ பார்த்து, வைஃபை பட்டியலில் அதே பெயரைத் தொடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. பத்துப் பதினைந்து விநாடி பொறுங்கள். அறிவிப்பு வந்தால் தொடுங்கள். வராவிட்டால் வைஃபை பட்டியலுக்குத் திரும்பிப்போய், இணைந்திருக்கும் பெயரையே இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள். பல போன்களில் உள்நுழையும் பொத்தான் அங்கே இருக்கும்.

5. அப்போதும் வராவிட்டால் பிரவுசரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டியில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். எழுத்துக்கூட்டிச் சொன்னால்: என், ஈ, வி, ஈ, ஆர், எஸ், எஸ், எல், புள்ளி, சி, ஓ, எம். இந்தத் தளம் பூட்டில்லாத வழியில் இயங்க வேண்டும் என்பதற்காகவே நடத்தப்படுவது. கேட்வே அதை இடைமறித்து உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும்.

6. எண் கேட்கும் கட்டத்தில் பத்து இலக்கங்களை மட்டும் போடுங்கள். முன்னால் 0 வேண்டாம், 91 வேண்டாம். பக்கம் தானாகவே 91 சேர்த்துக்கொண்டு, நீங்களும் சேர்த்தால் எண் தவறாகி ஓடிபி எங்கும் போகாது.

7. ஓடிபி வந்ததும் போட்டு, விதிமுறைகளுக்கு ஒப்புதல் தரும் சிறு கட்டத்தைத் தொட்டுவிட்டு, இணைக்கும் பொத்தானை அழுத்துங்கள். கட்டத்தைத் தொட மறந்தால் சில பக்கங்களில் பொத்தான் உயிர்பெறாது. காரணத்தையும் பக்கம் சொல்லாது.

8. 'இணைந்துவிட்டீர்கள்' என்ற செய்தியைப் பார்க்கும்வரை அந்தச் சாளரத்தை மூடாதீர்கள். அவசரப்பட்டு மூடினால் கேட்வே உங்களைப் பதிவு செய்துகொள்வதற்குள் இணைப்பு அறுந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அப்படியும் பக்கம் வராவிட்டால்

முதலில் சந்தேகிக்க வேண்டியது மொபைல் டேட்டாவைத்தான். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்தால் ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளும். மேலே வைஃபை சின்னம் தெரியும், ஆனால் பிரவுசரில் நீங்கள் தட்டும் முகவரி சிம் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். கேட்வே அதைப் பார்க்கவே பார்க்காது. சில போன்களில் 'தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறு' என்று ஒரு வசதி வைஃபை செட்டிங்ஸில் இருக்கும். அதையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது தனிப்பட்ட டிஎன்எஸ். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண்முகவரியைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9 முதல் இது இருக்கிறது. விளம்பரங்களைத் தடுப்பதற்காகப் பலர் ஒரு டிஎன்எஸ் பெயரை இதில் போட்டுவைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வீட்டில் எந்தத் தொந்தரவும் இருக்காது. பொது வைஃபையில், உள்நுழைவதற்கு முன் அந்த டிஎன்எஸ் சர்வரைத் தொடக் கேட்வே அனுமதிக்காது. தளத்தின் பெயருக்கு உரிய எண்முகவரி கிடைக்காமல் பிரவுசர் அங்கேயே நின்றுவிடும். செட்டிங்ஸ், நெட்வொர்க், தனிப்பட்ட டிஎன்எஸ் என்று போய் 'தானியங்கு' என்பதற்கு மாற்றுங்கள். 'தானியங்கு' நிலையில் போன் விட்டுக்கொடுத்து, வைஃபை தரும் டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்திக்கொள்ளும். வேலை முடிந்ததும் பழைய பெயரைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் அதை முதலில் எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

விபிஎன்னை நிறுத்திய பிறகும் எதுவும் நகரவில்லையென்றால், 'விபிஎன் இல்லாமல் எந்த இணைப்பையும் அனுமதிக்காதே' என்ற அமைப்பு தனியாக இயங்கிக்கொண்டிருக்கலாம். அலுவலகம் கொடுத்த போன்களில் இது அடிக்கடி இருக்கும். சில அலுவலகப் போன்களில் பயன்படுத்துகிறவர் அதை அணைக்கவே முடியாது. அப்படியானால் அந்தப் போனில் பொது வைஃபை வேண்டாம்.

தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் சிக்கல்தான். பேட்டரி முழுக்கத் தீர்ந்து மீண்டும் ஓடவைத்த பழைய போன்களில் தேதி பின்னால் போயிருக்கும். உள்நுழைவுப் பக்கமே எச்டிடிபிஎஸ்ஸில் இருந்தால் அதன் சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது.

குரோமில் 'எப்போதும் பாதுகாப்பான இணைப்பு' என்பதை இயக்கிவைத்திருந்தால், நெவர்எஸ்எஸ்எல் தளத்துக்குப் போகுமுன் அது பூட்டில்லாத தளம் என்று ஓர் எச்சரிக்கை வரும். அந்த ஒரு தளத்தில் எதையும் தட்டச்சு செய்யப்போவதில்லை என்பதால் தொடரலாம். மேலே சொன்ன சான்றிதழ் எச்சரிக்கை வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசி முயற்சியாக, இணைந்திருக்கும் வைஃபையின் விவரப் பக்கத்தில் 'கேட்வே' என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 192.168.1.1 என்றோ 10 என்று தொடங்கும் ஏதோ ஓர் எண்ணாகவோ இருக்கும். அதை அப்படியே பிரவுசரில் தட்டினால் சில இடங்களில் உள்நுழைவுப் பக்கம் வரும். அதற்குப் பதிலாக ரூட்டரின் நிர்வாகப் பக்கம் வந்து யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்டால் மூடிவிடுங்கள். அது வைஃபை வைத்திருப்பவருக்கு உரியது.

'ஐபி முகவரி பெறுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்தால்

இது உங்கள் போனின் குற்றம் இல்லை. கூட்டமான இடங்களில் நடப்பது இது, காரணம் தெரிந்தால் வீணாக மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண்முகவரி கொடுக்கிறது. சாதாரணமாக அமைக்கப்பட்ட ரூட்டரில் இப்படிக் கொடுக்கக்கூடிய முகவரிகள் அதிகம் போனால் 254தான், அதில் ஒன்று ரூட்டருக்கே போய்விடும். கொடுத்த முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாருக்கும் தராது. அந்தக் காலம் 24 மணி நேரம் என்று வைத்திருந்தால் என்ன ஆகும்? பேருந்து நிலையத்துக் கடை ஒன்றில் காலையில் பேருந்துக்குக் காத்திருந்தவர்களின் போன்கள் தாமாகச் சேர்ந்து முகவரியை வாங்கிக்கொண்டு சேலத்துக்கும் திருப்பத்தூருக்கும் போய்விட்டிருக்கும். மதியம் வருகிறவருக்குக் கொடுக்க முகவரி மிச்சம் இருக்காது. லேப்டாப்பில் இதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் எதுவும் தரவில்லை, கருவியே தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நீங்கள் செய்யக்கூடியது, வைஃபையை அணைத்துச் சில நிமிடம் கழித்து மீண்டும் முயல்வது, அல்லது அதே இடத்தில் வேறு பெயர் இருந்தால் அதில் சேர்வது. வைஃபை வைத்திருப்பவர் தெரிந்தவரானால், முகவரியைப் பிடித்துவைக்கும் காலத்தை ஒரு மணி நேரமாகக் குறைக்கச் சொல்லுங்கள். கடை, கிளினிக், மண்டபம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே பாதிப் புகார் நின்றுவிடும்.

சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டும் தூரத்திலும் இதே அறிகுறி வரும். ரூட்டர் அனுப்புவது போனுக்குக் கேட்கும், போன் அனுப்புவது ரூட்டருக்குக் கேட்காது. பத்தடி கிட்டே போய்ப் பாருங்கள். ஒரே இடத்தில் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு பெயர்கள் தெரிந்தால், தூரத்தில் இருப்பவர்களுக்கு 2.4 நல்லது, அருகில் இருப்பவர்களுக்கு 5 வேகமானது.

ஓடிபி வராவிட்டால்

ஓசூரை அடுத்த ஜூஜூவாடி, தளி, அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கங்களில் போன் சில நேரம் கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாடும் கர்நாடகமும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது போன் புதிய நெட்வொர்க்கில் பதிவாகச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அனுப்பப்பட்ட ஓடிபி தாமதமாகும். நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ ஓடிபி கேட்காதீர்கள். ஓரிடத்தில் நின்று, சிக்னல் நிலைத்த பிறகு கேளுங்கள். நெட்வொர்க் தேர்வு 'தானியங்கு' என்பதில் இருக்கட்டும். கையால் ஒரு நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் எல்லையில் சிம் சிக்னலே இல்லாமல் போகலாம். இந்தியாவுக்குள் வேறு மாநிலக் கோபுரத்தில் இருந்தாலும் எஸ்எம்எஸ் பெறக் கட்டணம் கிடையாது.

மருத்துவமனை வார்டுகளிலும் லாட்ஜின் உள்ளறைகளிலும் வேறு பிரச்சினை. வைஃபை நன்றாக இருக்கும், சிம்முக்கு சிக்னல் இருக்காது. எண்ணைப் போட்டு ஓடிபி கேட்டுவிட்டு, ஜன்னல் ஓரமோ வராந்தாவோ போய் எஸ்எம்எஸ்ஸை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து போடுங்கள். ஓடிபி பொதுவாகச் சில நிமிடங்கள் செல்லும்.

வரவில்லை என்று 'மீண்டும் அனுப்பு' பொத்தானைத் தொடர்ந்து அழுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பழைய ஓடிபி பெரும்பாலும் செல்லாததாகிவிடும். பிறகு நான்கும் ஒன்றாக வந்து சேரும், எது கடைசி என்று தெரியாது. அதற்குள் பல பக்கங்கள் உங்கள் எண்ணைச் சிறிது நேரத்துக்குத் தடுத்தும்விடும். ஒரு முறை அழுத்தி இரண்டு நிமிடம் காத்திருங்கள். இரண்டு சிம் இருந்தால், எண் எந்த சிம்முடையதோ அதற்கு சிக்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐபோனில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். உள்நுழைவுப் பக்கம் சஃபாரியில் திறப்பதில்லை, தனியான சிறு சாளரத்தில் திறக்கிறது. ஓடிபி பார்க்க மெசேஜ் செயலிக்குத் தாவினால் அந்தச் சாளரம் மூடிக்கொள்ளலாம், வைஃபையும் அறுந்துவிடலாம். மேலே வரும் அறிவிப்பிலேயே எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள், அல்லது விசைப்பலகைக்கு மேல் தானாக வரும் ஓடிபியைத் தொடுங்கள். ஆண்ட்ராய்டிலும் உள்நுழைவுப் பக்கம் தனிச் சாளரம்தான். குரோமில் சேமித்துவைத்த எதுவும் அங்கே வராது என்பதால் வியப்படைய வேண்டாம்.

பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் 'என் போனில் ஓடிபி வரல, உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமா அண்ணா' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அவர் அந்த வைஃபையில் என்ன செய்தாலும் உங்கள் எண்ணில்தான் பதிவாகும். உதவ விரும்பினால், அவருக்கு வேண்டியதை உங்கள் போனில் நீங்களே திறந்து காட்டுங்கள்.

ரயில் நிலையமும் கடைகளும்

கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் கிடையாது. மாவட்டத்தில் ஓசூர், ராயக்கோட்டை, சாமல்பட்டி போன்ற இடங்களில்தான் ரயில். தருமபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயில் இருக்கிறது, மொரப்பூர் தெற்கு ரயில்வேயில் இருக்கிறது. வைஃபைக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை. நிலைய வைஃபையை நடத்துவது ரயில்டெல் என்ற பொதுத்துறை நிறுவனம். 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, இன்று 6,000க்கும் மேற்பட்ட நிலையங்களில் 'ரயில்வயர்' என்ற பெயரில் இருக்கிறது. எந்த நிலையத்திலும் உள்நுழையும் முறை ஒன்றுதான்.

நாளொன்றுக்கு முதல் அரைமணி நேரம் இலவசம், வேகம் 1 எம்பிபிஎஸ். அதாவது விநாடிக்கு 125 கேபி. முழு வேகத்தில் ஓடினால்கூட அரைமணியில் சுமார் 225 எம்பிதான் வரும். 2 எம்பி அளவுள்ள ஹால் டிக்கெட்டுக்குப் பதினாறு விநாடி போதும். வீடியோ பார்க்க இது ஏற்றதில்லை. நேரம் ஓடத் தொடங்குமுன் என்ன வேண்டும் என்று முடிவுசெய்து, தேவையான முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு உள்நுழையுங்கள். போட்டோ தானாகப் பேக்கப் ஆவதையும் செயலிகள் தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அரைமணியை அவை தின்றுவிடும். கூடுதல் நேரமும் வேகமும் வேண்டுமென்றால் கட்டணத் திட்டங்கள் உண்டு, 2021இல் அறிமுகமானபோது நாளுக்கு 10 ரூபாயிலிருந்து தொடங்கின. இப்போதைய விலை அந்தப் பக்கத்திலேயே தெரியும்.

கடைகளில் 'பிஎம் வாணி' பலகையைப் பார்த்தால் முறை சற்று மாறும். 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. மளிகைக் கடைக்காரரோ டீக்கடைக்காரரோ உரிமம் எதுவும் வாங்காமல் வைஃபை வைத்துச் சிறு கூப்பன்களாக விற்கலாம். இதில் உள்நுழைய அத்திட்டத்துக்கான செயலி தேவை. அதில் ஒரு முறை எண்ணை உறுதிசெய்துவிட்டால் அருகிலுள்ள வைஃபைகளை அதுவே காட்டும். செயலியை இறக்க நெட் வேண்டும், நெட் வேண்டுமென்றால் செயலி வேண்டும் என்று கடை வாசலில் திண்டாடாமல், வீட்டிலேயே பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

லாட்ஜில் தினமும் திரும்பக் கேட்டால்

லாட்ஜ்களில் அறை எண்ணும் பதிவேட்டில் எழுதிய பெயரும் கேட்பார்கள், அல்லது கூப்பன் கொடுப்பார்கள். பெயர் பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும். இனிஷியலைச் சேர்த்து எழுதினார்களா, விட்டுவிட்டார்களா என்பதில்தான் பலருக்குத் தவறுகிறது. வரவேற்பில் கேட்டுவிடுங்கள்.

மூன்று நாள் கூப்பன் வாங்கியும் மறுநாள் மீண்டும் கேட்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் மேக் முகவரி, அதாவது வைஃபையில் உங்கள் போனைக் காட்டும் அடையாள எண். கேட்வே உங்கள் போனை அந்த முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல், யாரும் பின்தொடராதிருக்கப் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன. முதல் மாடிக்கு ஒரு பெயர், இரண்டாம் மாடிக்கு ஒரு பெயர் என்று வைஃபை இருந்தால், ஒரே போனே கேட்வேக்கு இரண்டு போனாகத் தெரியும். 'ஒரு கூப்பனுக்கு ஒரு கருவி' என்று வைத்திருந்தால் இரண்டாவதில் தடுத்துவிடும். தங்கும் நாள்வரை ஒரே பெயரில் இருங்கள். அப்படியும் தொந்தரவு தொடர்ந்தால், அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் ஆண்ட்ராய்டில் 'தனியுரிமை' என்ற இடத்தில் போனின் மேக் முகவரியையும், ஐபோனில் தனிப்பட்ட வைஃபை முகவரியை 'நிலையானது' என்றும் தேர்ந்தெடுங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு வைஃபைக்கு மட்டுமே பொருந்தும்.

லேப்டாப்பில் இணைந்தால் விண்டோஸ் தானாகவே பிரவுசரைத் திறக்கும். திறக்காவிட்டால் நெவர்எஸ்எஸ்எல் முறையே அங்கும் உதவும். டிவி, பிரிண்டர் போன்றவற்றில் இந்தப் பக்கத்தைத் திறக்கப் பெரும்பாலும் வழியில்லை என்பதால் அவற்றுக்குப் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுங்கள்.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது

வைஃபைக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம். தன் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு ரயில் நிலையத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், பட்டியலைப் பார்த்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க உதவுவது, வருகிற பக்கம் என்ன கேட்கிறது என்பதுதான்.

கைபேசி எண், அதற்கு வரும் ஓடிபி, பெயர், லாட்ஜில் அறை எண் அல்லது கூப்பன் எண். இவ்வளவும் இயல்பு. மின்னஞ்சல் முகவரி கேட்டால்கூடப் பரவாயில்லை. ஆனால் ஜிமெயிலின் பாஸ்வேர்டு, ஃபேஸ்புக் பாஸ்வேர்டு, ஆதார் எண்ணும் ஆதார் ஓடிபியும், ஏடிஎம் கார்டின் பின்பக்க எண், யுபிஐ பின் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அந்த நொடியே வைஃபையை அணையுங்கள். இலவச வைஃபைக்கு யுபிஐ பின் தேவைப்படும் சூழ்நிலை எதுவுமே கிடையாது. யுபிஐ பின் போட்டால் பணம் போகும், வராது. 'இந்த ஏபிகே ஃபைலை (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலிக் கோப்பை) இறக்கி நிறுவினால்தான் நெட்' என்று சொல்லும் பக்கம் வந்தாலும் உடனே வைஃபையை அணையுங்கள்.

வந்த எஸ்எம்எஸ்ஸையும் ஒரு முறை முழுசாகப் படியுங்கள். வைஃபைக்கு எண் கொடுத்திருக்கும்போது வந்த செய்தியில் வங்கியின் பெயரோ 'வாட்ஸ்அப் கோட்' என்றோ இருந்தால், அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் கணக்குக்குள் நுழைய முயல்கிறார். அந்த எண்களை எங்கும் போடாதீர்கள். இதை வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஓடிபி என்றால் வந்ததை அப்படியே போடுவது என்றுதான் பலரும் பழகியிருக்கிறார்கள்.

உள்நுழைந்த பிறகும் வங்கி வேலை, யுபிஐ, மின் கட்டணம் போன்றவற்றுக்கு வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவையே பயன்படுத்துவது நல்லது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை இடையில் முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

கிளம்பும் முன்

பக்கத்தில் 'லாக் அவுட்' இருந்தால் அழுத்துங்கள். நேரக் கணக்கில் ஓடும் சில கூப்பன்களில் மிச்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பெயரைத் தொட்டு 'மறந்துவிடு' கொடுங்கள், அல்லது 'தானாக இணை' என்பதை அணையுங்கள். இதை விட்டுவிட்டால், அதே பெயரில் யார் எங்கே வைஃபை வைத்திருந்தாலும் சட்டைப்பையில் இருக்கும் போன் உங்களைக் கேட்காமல் அதில் போய்ச் சேரப் பார்க்கும். பேருந்தில் போகும்போது திடீரென்று வாட்ஸ்அப் நின்றுபோவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். அணைத்துவைத்த தனிப்பட்ட டிஎன்எஸ், விபிஎன், மொபைல் டேட்டா மூன்றையும் திரும்ப இயக்கிக்கொள்ளுங்கள்.